அரிசியை விட்டும் அம்மாவுக்குச் சர்க்கரை இறங்கவில்லை. எங்கே தப்பு?

கோத்தகிரிக் குளிர் | ஞாயிறு, இரவு 9.12

வணக்கம். பதிவு நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு வயது 61. சர்க்கரை வந்து எட்டு வருடம். காலையும் இரவும் மெட்ஃபார்மின், காலையில் கூடவே கிளிமிபிரைட். போன வாரம் மூன்று மாதச் சராசரி (எச்பிஏ1சி) எடுத்தோம், 9.1. அதற்கு முன் 8.8. டாக்டர் தாளைப் பார்த்தார், அம்மாவைப் பார்க்கவில்லை. "வாயைக் கட்டணும்மா, சொன்னா யார் கேக்கறீங்க" என்றார். அதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். "இதுக்கு மேல எதைடா விடறது?" என்றார்.

அவர் விட்டதையெல்லாம் எழுதுகிறேன். அரிசி மூன்று வேளையும் கிடையாது. உருளைக்கிழங்கு கிடையாது. கேரட், பீட்ரூட், முள்ளங்கி எதுவும் கிடையாது, "மண்ணுக்கு அடியில விளையறது ஆகாது" என்று முதல் வருடமே யாரோ சொல்லிவிட்டார்கள். வாழைப்பழத்தைத் தொடுவதில்லை. டீயில் சீனி இல்லை, நாட்டுச்சர்க்கரைதான். காலையில் கேழ்வரகுக் கஞ்சி, மதியம் கேழ்வரகுக் களி, இரவு சப்பாத்தி. இதுதான் எட்டு வருடமாக.

ஒரு தனியார் கிளினிக்கில் உணவு அட்டவணை என்று ஆங்கிலத்தில் ஒரு தாள் கொடுத்தார்கள். ஓட்ஸ், பிரவுன் பிரெட், ஆலிவ் ஆயில், ப்ரோக்கோலி. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, நான்தான் படித்துச் சொன்னேன். ப்ரோக்கோலி எங்கள் பக்கத்துத் தோட்டத்திலேயே விளைகிறது, பெட்டி கட்டி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கிப் போகிறது. விளைவிக்கிறவர் உட்பட எங்களில் யாரும் தின்று பார்த்ததில்லை. அந்தத் தாள் இப்போது சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது.

அம்மா ஒளித்து வைத்து எதையோ தின்கிறார் என்கிறான் அண்ணன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிறகு ஏன் இறங்கவில்லை?


கேத்திக் கேரட் | ஞாயிறு, இரவு 9.50

தம்பி, நான் கேத்தி பாலாடாவில் கேரட் போடுகிறவன். அதனால் இந்த "மண்ணுக்கு அடியில" கதையை என்னைவிட அதிகம் கேட்டவர்கள் இருக்க முடியாது.

எங்கள் அப்பாவுக்கும் இதே அறிவுரைதான். உருளை, மரவள்ளி, சேனை போன்ற கிழங்குகளைக் குறைக்கச் சொன்னார்கள், அது நியாயம். அப்பா அதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார். கேரட் போச்சு, டர்னிப் போச்சு, முள்ளங்கி போச்சு. ஒருநாள் வெங்காயத்தையும் பூண்டையும் பொறுக்கி ஓரமாக வைத்தார். "அதுவும் அடியிலதானே?" என்றார். இஞ்சி போட்ட டீ குடிக்கலாமா என்று என்னிடம் மிகவும் கவலையாகக் கேட்டார்.

சரி, சாயங்காலம் அந்த டீக்கு என்ன கடித்துக்கொண்டார் தெரியுமா? வர்க்கி, நாலு. மைதா, சீனி, வனஸ்பதி போட்டு அடுக்கடுக்காக விறகடுப்பில் சுட்ட ஊட்டி வர்க்கி. 2023-ல் புவிசார் குறியீடுகூட வாங்கிவிட்டது. கேட்டால், "இது மண்ணுக்கு மேல செய்யறதுதானே" என்பார். சிரித்துக்கொண்டே சொன்னார், ஆனால் தின்றது உண்மை.

100 கிராம் கேரட்டில் மாவுச்சத்தும் சர்க்கரையும் சேர்த்தே 10 கிராம்கூட வராது. பொரியல் செய்து ஒரு கை வைத்துக்கொண்டால் எந்தக் கேடும் இல்லை. இதை மருத்துவமனையில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் அப்பாவைச் சம்மதிக்க வைத்தேன். என் கேரட்டை நானே விற்கப் பார்க்கிறேன் என்று நினைக்காதீர்கள்.


அரவங்காடு ஓய்வு | ஞாயிறு, இரவு 10.31

இதெல்லாம் வீண் பயம். எனக்கும் 11 வருடமாக இருக்கிறது. சீனியை நிறுத்தினேன், மலைத்தேன் ஊற்றிக்கொள்கிறேன், கருப்பட்டி காப்பி குடிக்கிறேன். ஒன்றும் ஆகவில்லை. இயற்கையில் வருகிற இனிப்பு வேறு, ஆலையில் வெளுத்த சீனி வேறு.

நம் முன்னோர் களி தின்றார்கள், யாருக்கும் சர்க்கரை வரவில்லை. தம்பி, அம்மாவுக்குச் சப்பாத்தியை நிறுத்திவிட்டு இரவும் களி கொடுங்கள். கோதுமை நம் ஊர்த் தானியமே இல்லை.


மலைச்செவிலி | திங்கள், காலை 6.05

கோத்தகிரித் தம்பிக்கு. நான் 19 வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன், பாதி எஸ்டேட் டிஸ்பென்சரியில். அம்மா ஒளித்துத் தின்கிறார் என்று அண்ணன் சொன்னதை மட்டும் அம்மா காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது பொய்யாகத்தான் இருக்கும். உண்மையாகவே இருந்தாலும் அந்தப் பேச்சு எடுபடாது.

உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். என்ன சாப்பிடுகிறார், என்ன சாப்பிடுவதில்லை என்று எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். எவ்வளவு என்று ஓர் இடத்தில்கூட இல்லை. உங்களைக் குறை சொல்லவில்லை. நாங்கள் சொல்வதே அப்படித்தான். "அரிசியைக் குறைங்க, களி சாப்பிடுங்க" என்போம். கேட்கிறவர் காதில் "அரிசி விஷம், களி மருந்து" என்று விழும். மருந்தென்றால் கூடக் கொஞ்சம் தின்றால் நல்லதுதானே?

100 கிராம் பச்சரிசியில் ஏறத்தாழ 78 கிராம் மாவுச்சத்து. கேழ்வரகில் 67 கிராம். வித்தியாசம் அவ்வளவுதான். நார்ச்சத்து கேழ்வரகில் 11 கிராம், அரிசியில் 3 கிராமுக்குள். அந்த வகையில் கேழ்வரகு நல்லது, சந்தேகமே வேண்டாம். ஆனால் அதுவும் மாவுதான். அதிலும் மாவை நைசாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சினால் மெல்லவே வேலையில்லை, குடித்த வேகத்தில் சர்க்கரை ஏறும். பசியும் சீக்கிரம் திரும்பி வரும்.

ஒரு வேலை செய்யுங்கள். இன்று மதியம் அம்மா களிக்கு எடுக்கும் மாவை மட்டும் எடை போடுங்கள். அவர் எப்போதும் எடுப்பது போலவே எடுக்கட்டும், கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம். இரவு எத்தனை சப்பாத்தி என்று எண்ணுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை டீ, டம்ளருக்கு எத்தனை ஸ்பூன் நாட்டுச்சர்க்கரை என்றும் பாருங்கள்.

அரவங்காடு ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். தேனில் நூற்றுக்கு எண்பது பங்கு சர்க்கரைதான், தேனடை எந்தப் பாறையில் தொங்கினாலும் சரி. வெல்லமும் கருப்பட்டியும் அப்படியே. கடைசியாக எப்போது மூன்று மாதச் சராசரி எடுத்தீர்கள்?


அரவங்காடு ஓய்வு | திங்கள், காலை 7.20

வெறும் வயிற்றில் எடுத்தேன். 128. போதுமா?


மலைச்செவிலி | திங்கள், மதியம் 1.40

போதாது ஐயா. டெஸ்டுக்கு முந்தைய இரண்டு நாள் என்ன சாப்பிட்டீர்கள் என்று உங்கள் வீட்டம்மாவிடம் கேட்டால் தெரிந்துவிடும். இது எனக்குப் பழக்கமான விஷயம். ரத்தம் எடுக்கும் தேதி தெரிந்தால் இரண்டு நாள் விரதம் இருப்பார்கள், டாக்டர் திட்டக் கூடாது என்று. ரிசல்ட் நன்றாக வந்ததும் வாசலில் இருக்கும் பேக்கரியிலேயே விரதம் முடிந்துவிடும். சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கும், அதில் ஒட்டிய சர்க்கரையைத்தான் அந்தச் சராசரியில் அளக்கிறார்கள். இரண்டு நாள் விரதம் அங்கே செல்லாது.


கோத்தகிரிக் குளிர் | திங்கள், இரவு 8.45

அக்கா, எடை போட்டோம். நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் சின்ன எடை பார்க்கத் தராசு இல்லை. தேயிலை நிறுக்கிற தொங்கு தராசுதான் உண்டு, அதில் ஒரு கிலோவுக்குக் கீழே எதுவும் சரியாகத் தெரியாது. அடுத்த வீட்டு அக்கா ஊட்டிக் கடைகளுக்கு ஹோம்மேட் சாக்லேட் செய்து கொடுப்பவர். அவரிடம் டிஜிட்டல் தராசு உண்டு, வாங்கி வந்தேன். கொக்கோ வாசனையோடு வந்தது. "சக்கர நோவுக்கு வந்த தராசைப் பாரு" என்றார் அம்மா.

அம்மா களிக்கு மாவு எடுப்பது பாட்டி காலத்துப் பித்தளை உழக்கில். நிறைய எடுத்து, விளிம்பில் ஒரு தட்டுத் தட்டி, மேலே இன்னொரு கை போட்டுக் கூம்பாக்குவார். அதை அப்படியே தராசில் கொட்டினேன். 130 கிராம். களி அவருக்கு மட்டும்தான், நாங்கள் சோறு. ஆக அது முழுவதும் அவர் பங்கு.

பிறகு, "முன்ன சோறு சாப்பிட்டப்ப உங்களுக்கு எவ்வளவு அரிசிம்மா போடுவீங்க?" என்று கேட்டு அதையும் எடுக்கச் சொன்னேன். யோசித்து யோசித்து, அதே உழக்கில் முக்காலுக்கும் குறைவாக அள்ளினார். 90 கிராம்.

கணக்குப் போட்டேன். அரிசி 90 கிராமில் மாவுச்சத்து சுமார் 70. கேழ்வரகு 130 கிராமில் சுமார் 87. எட்டு வருடமாக அரிசியை விட்டு அம்மா மதியத்துக்கு 17 கிராம் கூடச் சாப்பிட்டு வந்திருக்கிறார். இரவு சப்பாத்தி நாலு, சில நாள் ஐந்து. டீ ஆறு டம்ளர், டம்ளருக்கு ரெண்டு ஸ்பூன். ஸ்பூனுக்கு ஐந்து கிராம் என்று வைத்தாலும் அதுவே 60 கிராம்.

அம்மா தராசையே பார்த்துக்கொண்டிருந்தார். "களி சாப்பிடச் சொன்னாங்க, சாப்பிட்டேன். எவ்வளவுன்னு யாராச்சும் சொன்னாங்களா?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.


கேத்திக் கேரட் | திங்கள், இரவு 9.15

எட்டு வருடமா! அம்மாவை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஹட்டியில் (படுகர் ஊரை அப்படித்தான் சொல்வோம்) ராகி ஹிட்டு, அதாவது கேழ்வரகுக் களி தின்று வளர்ந்தவன் நான். அப்போது ஹிட்டு ஓர் உருண்டை என்றால், தொட்டுக்கொள்ள அவரைக்கொட்டை, கீரை, உருளை எல்லாம் போட்ட குழம்பு ஒரு பெரிய கிண்ணம் இருக்கும். உருண்டையைக் கிள்ளி அதில் புரட்டி விழுங்குவோம். அவரைதான் வயிற்றை நிறைக்கும். இப்போது பார்த்தால் பெரிய உருண்டையும் ஓரத்தில் கொஞ்சம் நீர்த்த குழம்பும்தான். களி தின்கிறோம் என்று பெயர், கூட இருந்ததெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.


பந்தலூர் மழை | செவ்வாய், காலை 10.20

எங்கள் குடும்பம் தாயகம் திரும்பியோர். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தாத்தா காலத்தில் வந்தவர்கள். இங்கே அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டத்தில் வேலை. ஊர் மாறியது, காலைச் சாப்பாடு மாறவில்லை. கோதுமை மாவு என்று நாங்கள் சொல்வது மைதாவைத்தான், அதில் தேங்காய்ப் பூ போட்டுத் தட்டிய ரொட்டி, சம்பல், பிளேன் டீ. மலையேறி இலை பறிக்கப் போகிறவருக்கு அந்த ரொட்டிதான் ஒரு மணி வரை தாங்கும்.

என் அம்மாவிடம் டாக்டர், "அரிசியைக் குறைச்சு கோதுமை சாப்பிடுங்க" என்றார். அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, "நான் பொறந்ததுலேர்ந்து அதானே சாப்பிடறேன்" என்று மைதா ரொட்டியை இரண்டு வேளையாக்கிவிட்டார். அவர் கோதுமை என்றது ஒன்று, அம்மாவுக்குக் கேட்டது இன்னொன்று. எனக்கே இது ஒரு வருடம் கழித்துத்தான் புரிந்தது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். காலை ஆறு மணிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு அவசரத்தில் வெறும் டீயோடு கிளம்பிவிடுவார். ரொட்டியை மலைக்கு எடுத்துப் போய்ப் பத்து மணிக்குத்தான் தின்பார். போன மாதம் சரிவில் நிற்கும்போது கை நடுங்கி, வேர்த்து, கண் இருட்டி உட்கார்ந்துவிட்டார். கூட இருந்தவர்கள் குளிர் நடுக்கம் என்று நினைத்துச் சாக்கைப் போர்த்தியிருக்கிறார்கள். மழைக்காலம் வேறு, காலில் அட்டை கடித்து ரத்தம் நிற்காமல் வழிந்திருக்கிறது, எல்லோரும் அதைத்தான் பார்த்திருக்கிறார்கள். அது சர்க்கரை இறங்கியதா?


மலைச்செவிலி | செவ்வாய், மாலை 5.30

பெரும்பாலும் அதுதான், பந்தலூர்த் தங்கை. குளிரில் நடுங்குபவருக்கு வேர்க்காது. நடுக்கமும் வியர்வையும் சேர்ந்து வந்தால், சட்டென்று பசியோ குழப்பமோ இருந்தால், முதலில் சர்க்கரை இறங்கியது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 70-க்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை. நினைவு தெளிவாக இருந்தால் மூன்று ஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, 15 நிமிடம் பார்த்து, தெளியவில்லையென்றால் இன்னொரு முறை. தெளிந்ததும் ஏதாவது சாப்பிட வேண்டும். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

அம்மாவின் மாத்திரைப் பட்டையைப் பாருங்கள். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் இப்படி ஆவது அபூர்வம். கிளிமிபிரைட், கிளிபென்கிளமைடு மாதிரி ஏதாவது இருந்தால், அதைப் போட்டுவிட்டு நாலு மணி நேரம் சாப்பிடாமல் மலையில் ஏறுவது ஆபத்து. முதல் வாய்ச் சாப்பாட்டோடுதான் அந்த மாத்திரை. ஆறு மணிக்குச் சாப்பிட முடியாதென்றால் எப்போது போடுவது என்று மாத்திரை எழுதியவரிடம் கேளுங்கள், "எங்கம்மா பத்து மணிக்குத்தான் சாப்பிடுவாங்க" என்று நேராகச் சொல்லுங்கள். எங்களுக்கு உங்கள் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் மஸ்டர் நேரம் தெரியாது, நீங்கள் சொன்னால்தான் தெரியும். அதுவரை அம்மா மடியில் ஒரு பொட்டலம் சீனி இருக்கட்டும். அட்டைக் கடியையும் லேசாக விடாதீர்கள், சர்க்கரைக்காரர் காலில் சின்னப் புண்ணும் பெரிய வேலை வைக்கும்.

கோத்தகிரித் தம்பி, உங்களுக்கும் இதே எச்சரிக்கை. தராசைப் பார்த்ததும் களியைப் பாதியாக்கிவிடாதீர்கள். உங்கள் அம்மாவும் கிளிமிபிரைட் போடுகிறார். சாப்பாட்டை மட்டும் திடீரென்று குறைத்தால் இறங்கிவிடும். டாக்டரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், மாத்திரையை நீங்களாகக் குறைக்கவும் வேண்டாம். முதலில் டீயிலிருந்து ஆரம்பியுங்கள். அந்த 60 கிராம்தான் யாருக்கும் பயன்படாத கிராம். இனிப்பாகச் சேர்ப்பது நாளுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-லேயே சொன்னது, அதுவும் சர்க்கரை இல்லாதவர்களுக்கு.


மன்னவனூர்க்காரன் | செவ்வாய், இரவு 8.10

கொடைக்கானல் மேல்மலையிலிருந்து. எங்களுக்கு வேறு தொல்லை. மலைவாழைத் தார் கீழ்மலையிலிருந்து வந்து வீட்டிலேயே பழுக்கும், யாராவது பழனிக்குப் போய்வந்தால் பஞ்சாமிர்த டப்பா வரும். சாமி பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது. வாழைப்பழம், சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, தேன், நெய். ஒன்றுக்கொன்று போட்டி போடும். என் மாமனார் ஒரு வழி சொன்னார். விரல் நுனியில் தொட்டுக் கண்ணில் ஒற்றி நாக்கில் வைத்தால் பிரசாதம், கரண்டி போட்டால் இனிப்பு. அன்றிலிருந்து அப்படித்தான்.

வீட்டில் சர்க்கரை அளக்கும் மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. மார்கழிக் காலையில் எங்கள் ஊரில் மீட்டரைத் தட்டினால் எண்ணே வராது, தெர்மாமீட்டர் படம் வந்து நின்றுவிடும். பல மீட்டர்கள் 10 டிகிரிக்குக் கீழே வேலை செய்யாது, பெட்டிக்குள் இருக்கும் தாளில் போட்டிருப்பார்கள். போர்வைக்குள் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் சரியாகும், அடுப்புப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. விரலில் ரத்தமும் வராது, வெந்நீரில் கை கழுவிக்கொண்டு குத்தினால் வரும். கை கழுவுவது இன்னொரு காரணத்துக்கும் முக்கியம். பேரிக்காய் நறுக்கிய கையோடு ஒருநாள் குத்திப் பார்த்தேன், 310 காட்டியது. ஆடிப்போய்விட்டேன். சோப்புப் போட்டுக் கழுவி மறுபடி பார்த்தால் 168. பழச்சாறுதான் அளந்திருக்கிறது.


அரவங்காடு ஓய்வு | செவ்வாய், இரவு 9.02

சரி, கேட்கிறேன். கிராம் கிராமாக நிறுத்துத் தின்பது ஒரு வாழ்க்கையா? தட்டில் பாதி காய், கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்பு என்று சுவரில் படம் ஒட்டியிருக்கிறார்கள். கால் பங்கு சோறு வைத்தால் குழம்பை எங்கே ஊற்றுவது, ரசத்தை எங்கே ஊற்றுவது? இந்தப் படம் போட்டவர் நம் வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டிருப்பாரா?

முன்னோர் விஷயத்துக்கும் யாரும் பதில் சொல்லவில்லை.


மலைச்செவிலி | புதன், காலை 6.15

ஐயா, குழம்பு விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நியாயம். அந்தப் படம் பிரிவு பிரிவாகப் பிரித்து வைத்துச் சாப்பிடும் தட்டுக்குத்தான் பொருந்தும். நாமோ பிசைந்து சாப்பிடுகிறவர்கள். குழம்பும் ரசமும் பங்கு கேட்டால் சோறு தானாகக் கூடும். நான் வேறு மாதிரிச் சொல்லித் தருவது உண்டு. முதலில் பொரியல், கூட்டு, கீரையை வெறும் வாயில் கொஞ்சம் சாப்பிட்டுவிடுங்கள். அப்புறம் ஒரு கரண்டி சோற்றுக்குக் குழம்பு, ஒரு கரண்டிக்கு மோர். ரசத்தை டம்ளரில் குடித்துவிடுங்கள். இதற்குத் தராசு வேண்டாம். தராசு ஒருநாள் போதும், உங்கள் வீட்டுக் கரண்டியும் உழக்கும் எவ்வளவு பிடிக்கும் என்று தெரிந்துகொள்ளத்தான்.

முன்னோர் களி தின்றார்கள், உண்மை. கூடவே சரிவில் நாள் முழுதும் மண்வெட்டி பிடித்தார்கள், சந்தைக்கு நடந்தே போனார்கள். நாம் இப்போது மூன்று வளைவுக்கு ஆட்டோ பிடிக்கிறோம். அவர்களுக்குச் சர்க்கரை இருந்ததா என்று யாரும் குத்திப் பார்க்கவும் இல்லை. நான் கேழ்வரகுக்கு எதிரியல்ல. 2023-ல் நம் நீலகிரியிலும் தர்மபுரியிலும் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு என்று ஆரம்பித்தபோது முதல் வாரமே வாங்கியவள். அதில் கஞ்சி காய்ச்சாமல் அடை தட்டுகிறேன், முருங்கைக்கீரை போட்டு.


பந்தலூர் மழை | புதன், காலை 10.40

அக்கா சொல்வதெல்லாம் சரி. ஆனால் சமைப்பது யார்? என் அப்பாவுக்குச் சர்க்கரை வந்தபோது அம்மா தனி அடுப்பில் அவருக்கு மட்டும் கீரையும் பருப்பும் செய்தார், ஏழு வருடம். இப்போது அம்மாவுக்கு வந்திருக்கிறது. எங்கள் எல்லோருக்கும் ரொட்டி தட்டிவிட்டு, கடைசியில் மிஞ்சிய ரொட்டியைத்தான் அவர் தின்கிறார், வீணாகக் கூடாதென்று. பொரியல் அதற்குள் தீர்ந்திருக்கும். ஆஸ்பத்திரியில் ஆலோசனைக்கு ஆண்கள் மனைவியோடு வருகிறார்கள். அம்மாக்கள் தனியாக வருகிறார்கள். நான் கவனித்ததைச் சொன்னேன், அவ்வளவுதான்.

போன ஞாயிறிலிருந்து காலையில் நான் ரொட்டி தட்டுகிறேன். ஆட்டா மாவில், சின்னதாக இரண்டு, கூட அவித்த கடலை. அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. சம்பல் இருப்பதால் இறங்குகிறது.


கூடலூர்த் தன்னார்வலர் | புதன், மதியம் 2.25

மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாக மாத்திரை கொண்டுபோகிற வேலை எனக்கு. 2021 ஆகஸ்டில் திட்டம் வந்தது. மாத்திரை வீட்டுக்கு வந்துவிடுகிறது, சாப்பாட்டைப் பற்றிப் பேசத்தான் நேரம் இருப்பதில்லை. ஆனால் ஒரு வீட்டின் அடுப்படியில் ஐந்து நிமிடம் நின்றால் அங்கே உள்ள எண்ணெய் டின்னும் டீ டம்ளரும் நிறையச் சொல்லும்.

இங்கே ஒரு விஷயம் கட்டாயம் சொல்ல வேண்டும். மூன்று மாதச் சராசரியை எல்லோருக்கும் ஒரே மாதிரி நம்ப முடியாது. ஆதிவாசி மக்கள் சிலருக்கு அரிவாள் செல் ரத்தக் கோளாறு உண்டு. இந்தியாவில் அது முதன்முதலில் 1952-ல் பதிவானதே நீலகிரி ஆதிவாசிகளிடம்தான். சிவப்பணு சீக்கிரம் உடைந்தால் சராசரி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். கடுமையான ரத்தசோகை உள்ளவர்களுக்கும் எண் தப்பாகலாம். அப்படிப்பட்டவர்களுக்குச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் எடுக்கும் அளவையும் சேர்த்துத்தான் டாக்டர் பார்ப்பார். நல்ல எண் வந்துவிட்டது என்று ஒருவர் வர்க்கிக்குத் திரும்பிவிடக் கூடாது, அதற்காகச் சொன்னேன்.


கோத்தகிரிக் குளிர் | 25 நாள் கழித்து, ஞாயிறு, இரவு 8.30

எல்லோருக்கும் நன்றி. இதை எழுதாமல் விட மனம் வரவில்லை.

வேறு டாக்டரைப் பார்த்தோம். 130 கிராம் கணக்கைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "யாரும் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை" என்றார். மாத்திரையை இப்போதைக்கு மாற்றவில்லை. களியை ஒரே நாளில் பாதியாக்காமல் வாரம் கொஞ்சமாகக் குறைக்கச் சொன்னார், மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து வாரம் இருமுறை சர்க்கரை பார்க்கச் சொன்னார்.

அம்மா தராசைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதற்கு முன் உழக்கில் 80 கிராம் மாவு கொட்டி, மட்டம் வந்த இடத்தில் தங்கையின் நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டுக்கொண்டார். சிவப்புக் கோடு. அதற்கு மேல் கூம்பு கிடையாது. குறைந்த களிக்குப் பதிலாக அவரைக்கொட்டைக் குழம்பு, கேரட் பொரியல். கேத்தி அண்ணா, எட்டு வருடம் கழித்து முதல் நாள் கேரட் தின்றபோது, "இவ்வளவு இனிப்பா இருக்கே, நிஜமாவே ஆகுமா?" என்று மூன்று தடவை கேட்டார். காலைக் கஞ்சி போய் அடை வந்திருக்கிறது. டீ ஆறிலிருந்து நாலு, ஒரு டம்ளருக்கு அரை ஸ்பூன். டீயில்தான் பெரிய சண்டை. "விருந்தாளி வீட்டுல டீ வேண்டாம்னா கோவிச்சுக்குவாங்க" என்கிறார். இப்போது உள்ளே போகும்போதே, "எனக்குச் சக்கரை இல்லாம" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு உட்காருகிறார்.

களிக்குப் பிறகு 268 இருந்தது. நேற்று 194. சராசரி இன்னும் இரண்டு மாதம் கழித்துத்தான். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அந்தக் கோட்டுக்கு மேல் நான் மாவு போட்டால், "டேய், கோடு" என்கிறான்.


அரவங்காடு ஓய்வு | ஞாயிறு, இரவு 9.18

தம்பி, நல்ல செய்தி. அம்மாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

சராசரி எடுத்தேன். எவ்வளவு என்று இங்கே எழுத மாட்டேன். தேன் பாட்டிலை வீட்டுக்காரி எங்கேயோ வைத்துவிட்டாள்.

அந்தச் சாக்லேட் அக்கா தராசை எங்கே வாங்கினார், என்ன விலை என்று கேட்டுச் சொல்ல முடியுமா? எனக்கில்லை. வீட்டில் கேட்கிறார்கள்.